ஏர் கன் சரியா சுடலையா? பிரிச்சு போடறதுக்கு முன்னாடி இத படிங்க

காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்துலேர்ந்து ஏர் கன்ன தூக்கினு வர்றவங்க எல்லாரும் சொல்ற வசனம் ஒண்ணே ஒண்ணுதான், "அண்ணா ஸ்பிரிங் போச்சு, புதுசு போடணும்". வாங்கி பார்த்தா ஸ்பிரிங் கல்லு மாதிரி நல்லா இருக்கும். பெல்லட் டப்பாவ, அதான் ஈய குண்டு டப்பாவ, கீழ போட்டு நசுக்கி இருப்பாங்க, இல்லனா தோள்ல வைக்கற மரக்கட்டையில இருக்கற ஸ்க்ரூ லொடலொடனு ஆடும், இல்லனா யாரோ நல்லவரு தலைக்கு தேய்க்கற தேங்கா எண்ணெய உள்ள வுட்டு இருப்பாரு. அதனால இங்க நான் பார்ட்டு வாரியா சொல்லப்போறதில்ல, உங்களுக்கு இன்னா தெரியுதோ, இன்னா சத்தம் கேக்குதோ அதுலேர்ந்து ஆரம்பிச்சு உள்ள போறேன். கடைசியில பாயிண்ட் டூ டூ ரைஃபிள் பத்தியும் கொஞ்சம் இருக்கு, என்சிசி பசங்க நிறைய பேரு கேக்கறாங்க.

மொதல்ல இது எப்படி வேலை செய்யுதுனு ஒரு தடவை புரிஞ்சிக்கோங்க, அப்பதான் மிச்சம் எல்லாம் விளங்கும். பேரல மடக்கற மாடல்ல, பேரல கீழ இழுக்கும்போது ஒரு லீவர் உள்ள இருக்கற பிஸ்டன பின்னாடி தள்ளுது, பிஸ்டனுக்கு பின்னாடி இருக்கற பெரிய ஸ்பிரிங் சுருங்குது, பிஸ்டன் பின்னாடி வந்ததும் ட்ரிகரோட சேர்ந்த ஒரு கொக்கி அத புடிச்சிக்குது, அந்த கொக்கிக்கு சியர்னு பேரு. ட்ரிகர் அமுக்கினா கொக்கி வுட்டுடும், பிஸ்டன் முன்னாடி பாயும், முன்னாடி இருக்கற காத்து ஒரே நொடியில நசுங்கி சூடாகி ஒரு சின்ன ஓட்டை வழியா பெல்லட்டுக்கு பின்னாடி போய் தள்ளும். சைக்கிள் பம்ப வெரலால அடைச்சிட்டு வேகமா குத்தினா அடி சூடாகும்ல, அதே கதைதான், என்ன இங்க அது கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். நிஜ துப்பாக்கியில இந்த வேலைய மருந்து எரிஞ்சு வர்ற கேஸ் பண்ணுது, இங்க வெறும் காத்து பண்ணுது, மத்தபடி பேரல், உள்ள இருக்கற சுருள் வரி, குண்டு சுத்தினே போறது எல்லாம் ஒண்ணுதான்.

கைய வைக்கறதுக்கு முன்னாடி: லோடு ஆகி இருக்குனே நெனச்சி எடுங்க, பேரல் யாரு பக்கமும் இருக்கக்கூடாது, பேரல மடக்கி பெல்லட் போடும்போது இன்னொரு கை பேரல கெட்டியா புடிச்சினே இருக்கணும். சியர் நழுவினா பேரல் படார்னு மேல வந்து மூடும், வெரல் நடுவுல இருந்தா போச்சு. மடக்கின நெலமையில ட்ரிகர அமுக்கி பாக்கற வேலையே வேணாம், பேரல் வளைஞ்சிடும்.

அறிகுறி: ஒரு குண்டு மேல, ஒரு குண்டு கீழ, ஒண்ணு எங்க போச்சுனே தெரியல

நிறைய பேருக்கு இருக்கறது இதுதான், அதனால இதுக்கு கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

மொதல்ல பெல்லட். டப்பாவுல இருந்து ஒரு இருபது பெல்லட்ட எடுத்து கண்ணாடி மேல, இல்லனா மொபைல் ஸ்கிரீன் மேல கூட பரவால்ல, ஒவ்வொண்ணா உருட்டி வுடுங்க. பின்னாடி பாவாடை மாதிரி விரிஞ்சி இருக்கற பாகம் தலைய விட கொஞ்சம் அகலம், அதனால நேரா போகாது, அழகா வளைஞ்சி ஒரு அரைவட்டம் போடும், அது நல்ல பெல்லட். தத்தி தத்தி குதிச்சினே போச்சுனா பாவாடை நசுங்கி இருக்குனு அர்த்தம். ஈயம் அவ்ளோ மெத்துனு இருக்கும், டப்பா ஒரு தடவை டேபிள்லேர்ந்து கீழ வுழுந்தாலே போதும், பாதி பெல்லட் கெட்டுடும். கேட்டா எல்லாரும் "கீழ வுழவே இல்லண்ணா"னு தான் சொல்வாங்க, பெல்லட் வேற கதை சொல்லும். அந்த பாவாடைதான் காத்து அடிக்கும்போது விரிஞ்சி பேரல் சுவரோட ஒட்டி காத்து கசியாம பாத்துக்கறது, அது கோணலா இருந்தா குண்டு வெளிய வரும்போதே ஒரு பக்கம் தள்ளி வுட்டுடும்.

இன்னொண்ணு, ஒரே 4.5 எம்எம் தான்னு நெனச்சி எந்த டப்பாவ வேணா வாங்காதீங்க. நல்ல டப்பா மேல 4.49, 4.50னு தலை சைஸ் போட்டு இருக்கும், ஒரு பேரலுக்கு ஒண்ணு புடிக்கும், இன்னொண்ணு புடிக்காது, அதுக்கு காரணம் தேடி பிரயோஜனம் இல்ல, ரெண்டு மூணு வகை வாங்கி பேப்பர்ல சுட்டு பாக்கறதுதான் வழி. பத்து மீட்டர் பேப்பர் டார்கெட்டுக்கு தட்டை மூக்கு பெல்லட் போடுங்க, பேப்பர்ல பஞ்ச் மெஷின் போட்ட மாதிரி சுத்தமா வட்டம் வெட்டும், ஸ்கோர் எண்ண ஈஸி. கூர் மூக்கு பெல்லட் பாக்க பயங்கரமா இருக்கும், அடி மட்டும் சரியா வராது, கடைக்காரரு அததான் மொதல்ல எடுத்து காட்டுவாரு.

பெல்லட் சரினா அடுத்தது ஸ்க்ரூ. கட்டையில முன்பக்கம் ரெண்டு ஓரமும் ஒவ்வொரு ஸ்க்ரூ, ட்ரிகர் கார்டுல ஒண்ணு ரெண்டு, இது எல்லாம் ஸ்பிரிங் கன்னுல தானா லூஸ் ஆகும், ஆகாம இருந்தாதான் ஆச்சரியம். ஏன்னா இது ஒரு குண்டுக்கு ரெண்டு தடவை உதைக்குது, பிஸ்டன் முன்னாடி கெளம்பும்போது கன் பின்னாடி வரும், பிஸ்டன் போய் முட்டும்போது கன் முன்னாடி இழுக்கும். பொருத்தமான ஸ்க்ரூ டிரைவர் போட்டு டைட் பண்ணுங்க, கட்டை நசுங்கற அளவுக்கு முறுக்க வேணாம். திரும்ப திரும்ப லூஸ் ஆச்சுனா ஸ்பிரிங் வாஷர் போடுங்க.

அப்புறம் பேரல மூடிட்டு ரெண்டு பக்கமும் லேசா ஆட்டி பாருங்க. இடது வலதா ஆடினா மடங்கற இடத்துல இருக்கற போல்ட் லூஸ். அது ஆடினா நீங்க எவ்ளோ நல்லா குறி பாத்தாலும் பிரயோஜனம் இல்ல, ஒவ்வொரு தடவை மூடும்போதும் பேரல் வேற வேற இடத்துல போய் நிக்கும். போல்ட்ட டைட் பண்ணிட்டு மடக்கி பாத்தா, பேரல் எந்த இடத்துல வுட்டாலும் அங்கயே நிக்கணும், தொபுக்குனு தானா வுழக்கூடாது, அதுதான் அளவு.

பேரல் வாய் பாருங்க. நம்ம ஊரு பசங்க கன்ன சுவத்துல சாய்ச்சி வைக்கும்போது பேரல் வாய் கீழ தரையில படற மாதிரி வைப்பாங்க, தரை சிமெண்டு, வாய் ஓரத்துல கண்ணுக்கு தெரியாத பிசிறு வந்துடும். காது குடையற பஞ்சு குச்சி ஒண்ணு எடுத்து வாய் ஓரத்துல உள்பக்கமா மெதுவா சுத்துங்க, ஒரு இடத்துல பஞ்சு நூலு நூலா மாட்டினா பிசிறு அங்க இருக்கு. குண்டு பேரல வுட்டு வெளிய வர்ற கடைசி நொடியில காத்து சுத்தி சமமா வெளிய போகணும், ஒரு பக்கம் பிசிறு இருந்தா காத்து ஒரு பக்கமா மொதல்ல தப்பிச்சி குண்டோட வாலு ஆடும். இத அரம் வச்சி தேய்க்கறேன்னு ஆரம்பிக்காதீங்க, லேத் வேலை தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.

எல்லாம் சரியா இருந்தும் குண்டு செதறுதுனா, கோச்சிக்காதீங்க, புடிக்கற விதம். இந்த கன்ன இறுக்கி புடிக்கறவன் எவனும் நல்லா சுட்டதில்ல. சினிமாவுல பாக்கற மாதிரி தோள்ல அழுத்தி, முன்கைய முறுக்கி புடிச்சா ஒவ்வொரு தடவையும் முறுக்கு வேற மாதிரி இருக்கும், பிஸ்டன் ஓடினு இருக்கற நேரத்துல குண்டு இன்னும் பேரல்லதான் இருக்கு, அதனால உங்க புடி மாறினா குண்டு போற இடமும் மாறும். உள்ளங்கைய விரிச்சி கட்டைய அதுமேல சும்மா வைங்க, அது துள்ளணும்னா துள்ளட்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ளினா போதும். டேபிள், செங்கல், மதில் சுவர் மேல நேரா கட்டைய வச்சி சுடாதீங்க, குண்டு மேல தூக்கிடும்.

ஸ்கோப் மாட்டி இருந்தா அதுவும் ஒரு சந்தேக கேஸ். பெரிய ரைஃபிளுக்கு செஞ்ச ஸ்கோப் பின்னாடி உதைக்கறத தாங்கும், முன்னாடி இழுக்கறத தாங்காது, உள்ள கண்ணாடி கழண்டுடும். ஏர் கன்னுக்குனு எழுதினதா பாத்து வாங்குங்க. கிளாம்பு பின்னாடி நகருதானு பாக்க, அது உக்கார்ற பள்ளத்துல (ரெயில்) பென்சில்ல ஒரு கோடு போட்டு வைங்க, சுட்டுட்டு கோடு எங்க இருக்குனு பாருங்க.

அறிகுறி: எல்லாம் ஒரே இடத்துல வுழுது, ஆனா அந்த இடம் தப்பு

சந்தோஷப்படுங்க, இது நோயே இல்ல. குறி பாக்க பின்னாடி இருக்கற சைட்ட, குண்டு எந்த பக்கம் போகணுமோ அந்த பக்கம் நகத்துங்க. குண்டு இடது பக்கம் வுழுந்தா பின் சைட்ட வலது பக்கம், கீழ வுழுந்தா பின் சைட்ட மேல. முன்னாடி இருக்கற முள்ள நகத்தற மாடலா இருந்தா எல்லாம் தலைகீழ். ஒரு குண்டு சுட்டுட்டு ஒரு தடவை திருகாதீங்க, அஞ்சு சுட்டு நடு எங்க இருக்குனு பாத்துட்டு திருகுங்க. பத்து மீட்டர் மேட்ச்ல ரைஃபிள் டார்கெட் நடு பத்து வெறும் அர மில்லிமீட்டர் புள்ளி, பிஸ்டலுக்கு பதினொண்ணரை மில்லிமீட்டர், அந்த புள்ளிய அடிக்கறவங்களே குண்டுக்கு குண்டு திருகமாட்டாங்க.

குடியாத்தம் கங்கையம்மன் சிரசு திருவிழாவுல, வேலூர் கோட்டை மைதானத்துல பொருட்காட்சியில பலூன் சுட்டு ஏமாந்தவங்க கேப்பாங்க, அது ஏன் படவே மாட்டேங்குதுனு. அந்த கன்னுக்கு எண்ணெய் கண்டு எத்தினி வருஷம் ஆச்சோ, பேரல் ஆடும், சைட் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். மொத குண்டு எங்க போய் படுதுனு பின்னாடி பலகையில பாருங்க, அடுத்தத அந்த அளவுக்கு எதிர்பக்கமா தள்ளி குறி வைங்க, பலூன் வெடிக்கும்.

அறிகுறி: புகை வருது, பட்டாசு மாதிரி சத்தம், எண்ணெய் கருகின வாசனை

உள்ள எண்ணெய் இருக்கு, அது எரியுது. காத்து நசுங்கும்போது வர்ற சூடு இருக்கே, அது எண்ணெய் ஆவிய பத்த வைக்க போதும், டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக் இல்லாம டீசல் எரியறது இந்த முறையிலதான், அதனாலதான் இதுக்கு டீசலிங்னு பேரு. புது கன்னா இருந்தா கம்பெனியில போட்ட எண்ணெய் தீர்ற வரைக்கும் லேசா புகை வர்றது சகஜம், அத வுட்டுடுங்க. பழைய கன்னு திடீர்னு "டமால்"னு சத்தம் போட்டா யாரோ எண்ணெய் வுட்டு இருக்காங்க.

இதுல ஒரு பெரிய கொடுமை இன்னானா, சத்தம் ஜாஸ்தியானதும் பவர் ஏறிடுச்சுனு சந்தோஷப்படறவங்க இருக்காங்க, வேணும்னே சொட்டு சொட்டா வுடறாங்க. சீல் எரிஞ்சி போகும், பிஸ்டன் எதிர்ல வர்ற அழுத்தத்துல பின்னாடி தூக்கி எறியப்படும், ஸ்பிரிங் உடையும், குண்டும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு வேகத்துல போகும். தேங்கா எண்ணெய், மெஷின் ஆயில், பைக் என்ஜின் ஆயில், துரு எடுக்கற ஸ்ப்ரே, இதுல எதுவும் பிஸ்டனுக்கு முன்னாடி போகக்கூடாது. வெளிய இரும்புல துரு புடிக்காம துணியில தொட்டு தொடச்சா போதும். அக்னி நட்சத்திரத்துல நம்ம வேலூர் வெயில் 40 டிகிரி தாண்டும்போது பேரல் கீழ பாத்தா மாதிரி நின்னுனு இருந்தா, பின்னாடி ஸ்பிரிங்ல இருக்கற க்ரீஸ் எளகி மெல்ல முன்னாடி எறங்கும், நீங்க எதுவும் வுடலனாலும் புகையும். கோடைக்கு படுக்க வைங்க.

சரி பண்றது ஈஸி, நல்ல பெல்லட் போட்டு சுட்டுனே இருங்க, எரிஞ்சி தீரும். அப்பவும் நிக்கலனா பிரிச்சி தொடைக்கற வேலைதான்.

அறிகுறி: பொக்குனு சத்தம், குண்டு பாதி வழியிலயே தொங்குது

காத்து எங்கயோ கசியுது. ரெண்டே இடம்தான் இருக்கு.

ஒண்ணு பேரல் மூடற இடம். அங்க ஒரு ஓ ரிங்கோ (ரப்பர் வளையம்), வாஷரோ இருக்கும். டிஷ்யூ பேப்பர மெல்லிசா கிழிச்சி அந்த இணைப்பு மேல போட்டு, பாதுகாப்பான பக்கமா ஒரு குண்டு சுடுங்க, மூஞ்ச மட்டும் பக்கத்துல கொண்டுபோகாதீங்க. பேப்பர் பறந்தா கசிவு அங்கதான். ஓ ரிங்குக்கு அடியில மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் வளையம் வெட்டி வச்சி கொஞ்சம் தூக்கினாலே பாதி கேஸ் சரியாகிடும், இல்லனா புது ரிங். பேரல் மூட கஷ்டமா இருந்தா ரொம்ப தூக்கிட்டீங்கனு அர்த்தம்.

ரெண்டாவது பிஸ்டன் தலையில இருக்கற சீல். புது கன்னுல பிளாஸ்டிக் மாதிரி சீல், பழைய கன்னுல தோல் வாஷர். பேரல மடக்கும்போது உள்ளேர்ந்து "கீச்ச்"னு ஒரு சத்தம் வந்தா சீல் காஞ்சி போச்சு. பிளாஸ்டிக் சீலுக்கு சிலிகான் ஆயில் ஒரே ஒரு சொட்டு, அதுவும் கீச்சுனு கேட்டா மட்டும். தோலுக்கு கணக்கு வேற, அது எண்ணெய் குடிச்சாதான் உப்பி சுவரோட ஒட்டும், காஞ்ச தோல் வத்தலா சுருங்கி சுத்தி காத்த வுட்டுடும். பேரல லேசா தொறந்து சிலிண்டர் முன்பக்கம் தெரியற சின்ன ஓட்டையில நாலஞ்சு சொட்டு சிலிகான் ஆயில் வுட்டு, கட்டை கீழ பேரல் மேல இருக்கற மாதிரி நிமுத்தி ராத்திரி முழுக்க வைங்க, எண்ணெய் எறங்கி தோல் மேல நிக்கும். மறுநாள் கொஞ்சம் புகையும், பயப்படாதீங்க. வருஷக்கணக்கா பரண் மேல கெடந்த தாத்தா காலத்து கன்னு இதுலயே உயிர் பொழைச்சி வர்றத பாக்கலாம்.

தோல் கிழிஞ்சி இருந்தா மாத்தணும். நம்ம ஊருக்கு ஒரு வசதி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடினு சுத்தி எல்லாம் தோல் ஊரு, துண்டு தோல் கெடைக்கும். ஆனா எந்த தோல்னு பாத்து வாங்கணும். ஷூ மேல்பாகத்துக்கு போற தோல் பெரும்பாலும் க்ரோம் போட்டு பதப்படுத்தினது, மெத்துனு இருக்கும், அது கிண்ணம் மாதிரி மடிச்சி வச்சா நிக்காது, தண்ணி காஞ்சதும் திரும்ப தட்டையாகிடும். வாஷருக்கு வேண்டியது மரப்பட்டை போட்டு பதப்படுத்தின தோல், செருப்பு அடிப்பாகத்துக்கு போடறது. வெட்டின ஓரத்த பாருங்க, நடுவுல நீலமும் சாம்பலும் கலந்தா மாதிரி தெரிஞ்சா க்ரோம், மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே பழுப்பா இருந்தா பட்டை. சாயம் மேல மட்டும்தான் ஏமாத்தும், ஓரம் ஏமாத்தாது. வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சி, சிலிண்டர் உள் அளவுக்கு ஒரு பைப்புல அழுத்தி கிண்ணமாக்கி, நிழல்ல காய வச்சி, ஓரத்த பிளேடால சீவி, அப்புறம் எண்ணெயில போடணும். வெயில்ல காய வச்சா முறுக்கிடும். நல்லா செஞ்ச தோல் வாஷர் பிளாஸ்டிக் சீல விட எவ்ளோவோ மேல்னு நான் சண்டை போடுவேன், புது கன்னுகாரங்க ஒத்துக்கமாட்டாங்க, வுடுங்க.

பவர் கம்மியா இருக்குனு வர்ற சில பேருக்கு கன்னு நல்லாதான் இருக்கும், அவங்க எதிர்பார்ப்புதான் ஜாஸ்தி. "நெலக்கடலைய மயிலு தின்னுடுது, ஒரே அடியில சாயணும், ஏத்தி குடுங்க". மயிலு 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல மொத அட்டவணையில இருக்கு, அதுக்கு நான் ஸ்க்ரூ டிரைவர கூட எடுக்கமாட்டேன். லைசன்ஸ் இல்லாம வச்சிக்கறதுக்கு சட்டத்துல அளவு இருக்கு, 4.5 எம்எம் பேரல், குண்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள. அர கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்துல போனா ஏழு ஜூல் சொச்சம் வரும், பத்து மீட்டர் டார்கெட்டுக்கு அது தாராளம். தடிமனான ஸ்பிரிங் போட்டு ஏத்தினா உதை ஜாஸ்தியாகி குறி கெடும், சட்டத்தோட வம்பும் வரும்.

அறிகுறி: மடக்கும்போது கிர்ர்ருனு அரைக்குது, சுட்டா டொய்ங்னு அதிருது

இங்கதான் நெசமாவே ஸ்பிரிங் வருது. டொய்ங் மட்டும்னா ஸ்பிரிங்குக்கும் உள்ள போற கம்பிக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, கெட்டி க்ரீஸ் போட்டா அடங்கும், அவசரம் இல்ல. மடக்கும்போது அரைக்கற சத்தமும், பழைய வேகம் இல்லாததும் சேர்ந்து வந்தா ஸ்பிரிங் உடைஞ்சி ரெண்டு துண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும். உடைஞ்சாலும் சுடும், அதான் நிறைய பேருக்கு தெரியறதே இல்ல.

பெல்லட் இல்லாம சும்மா சும்மா சுட்டா ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போகும். பெல்லட் இருந்தா அதுக்கு பின்னாடி அடைபடற காத்து பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி நிக்கும், இல்லனா இரும்பு மேல இரும்பு. சொந்தக்காரங்க வீட்டு பசங்க கையில குடுத்தா மொதல்ல செய்யற வேலையே அதுதான்.

ஸ்பிரிங் மாத்தறது வீட்ல வேணாம். அது உள்ள சும்மா இருக்கும்போதே அழுத்தத்துலதான் இருக்கு, பின்னாடி மூடிய கழட்டினதும் மூடி நெத்திக்கு வரும். அத அழுத்தி புடிக்க ஒரு கிளாம்பு இருக்கு, அது இருக்கறவங்ககிட்ட குடுங்க. ஸ்பிரிங்குக்கு பதிலா கேஸ் அடைச்ச பிஸ்டன் போட்ட மாடல்னா பிரிக்கவே கூடாது, யூனிட்டா மாத்தறதுதான்.

அறிகுறி: மடக்கினா நிக்க மாட்டேங்குது, இல்லனா தொட்டதும் வெடிக்குது

மடக்கும்போது கடைசி வரைக்கும் "டக்"னு கேக்கற வரை இழுத்தீங்களானு பாருங்க, பாதியில வுட்டா கொக்கி மாட்டாது. முழுசா இழுத்தும் நிக்கலனா சியர் ஓரம் தேஞ்சி போச்சு, இல்ல ட்ரிகர் லேசா வேணும்னு யாரோ ஸ்க்ரூவ அளவுக்கு மீறி திருகி இருக்காங்க. ஸ்க்ரூ கதைனா திருப்பி பழைய எடத்துக்கு கொண்டு வாங்க. தேஞ்சி போச்சுனா அந்த கன்னு அன்னிக்கே அலமாரிக்குள்ள போகணும், நாளைக்கு பாத்துக்கலாம், ஒரு ரவுண்டு மட்டும் சுட்டுக்கறேன் கதையெல்லாம் கூடாது. கையால தட்டினாலே தானா வெடிக்கற கன்ன மெக்கானிக் கூட நம்ப மாட்டாரு.

அறிகுறி: குண்டு வெளியவே வரல

பேரல் உள்ள மாட்டினு இருக்கு. பின்னாடி இன்னொண்ணு போட்டு தள்ளிடலாம்னு நெனக்காதீங்க, ரெண்டும் மாட்டும். பேரல மடக்கி புடிச்சி, பித்தளை கம்பியோ, பேரல் சைசுக்கு ஏத்த மூங்கில் குச்சியோ வச்சி வாய் பக்கத்துலேர்ந்து பின்னாடி தள்ளுங்க. இரும்பு கம்பி வேணாம், உள்ள வரி கீறும். மாட்டினதுக்கு காரணம் முன்னாடி சொன்ன கசிவுதான் பெரும்பாலும், அங்க போய் பாருங்க. பெல்லட் தொட்ட கையோட பஜ்ஜி சாப்பிடாதீங்க, ஈயம், சோப்பு போட்டு கழுவுங்க.

காத்து அடைச்சி வைக்கற பிசிபி வச்சி இருக்கறவங்களுக்கு ரெண்டு வரி. ராத்திரி 200 பார் இருந்தது காலையில கம்மியா இருந்தா சோப்பு தண்ணி தடவுங்க, குமிழி வர்ற இடத்துல ஓ ரிங் போச்சு, காத்த முழுசா எறக்கிட்டு மாத்துங்க. வெல்டிங் கடை ஆக்ஸிஜன் சிலிண்டர்ல அடைச்சி தர்றேன்னு யாராவது சொன்னா ஓடிடுங்க, ஆக்ஸிஜன் அழுத்தத்துல எண்ணெய், க்ரீஸ் தொட்டதும் வெடிக்கும். சிஓ2 பிஸ்டல் வேகமா சுட்டா சில்லுனு ஆகி பவர் எறங்கும், கொஞ்ச நேரம் வுட்டா சரியாகும், அந்த குட்டி சிலிண்டர வெயில்ல பைக் டேங்க் கவர்ல வைக்காதீங்க.

பாயிண்ட் டூ டூ ரைஃபிள்: கிளிக்குனு சத்தம், வெடிக்கல

இது என்சிசி பசங்களுக்கும், லைசன்ஸோட ரேஞ்சுல சுடறவங்களுக்கும். இந்த தோட்டாவுல பின்னாடி நடுவுல பொட்டு இருக்காது, தீப்பொறி போடற மருந்து அடி விளிம்புக்குள்ள சுத்தி தடவி இருக்கும், ஃபயரிங் பின் அந்த விளிம்ப நசுக்கினாதான் பத்தும், அது உள்ள இருக்கற தூள பத்த வைக்கும், கேஸ் வந்து குண்ட தள்ளும்.

கிளிக்குனு கேட்டு வெடிக்கலனா ஒண்ணுமே பண்ணாதீங்க. பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், கைய தூக்குங்க, இன்ஸ்ட்ரக்டர் வரட்டும். சில தோட்டா தாமதமா வெடிக்கும், பேரல் பின்பக்கத்த மூடற போல்ட்ட உடனே தொறந்து பாக்கறவன் மூஞ்சிக்கு நேரா வெடிச்சா தோட்டா கூடு கிழிஞ்சி தெறிக்கும், அதனால கொறஞ்சது முப்பது நொடி அப்படியே இருக்கணும். அப்புறம் தோட்டாவ எடுத்து விளிம்ப பாருங்க, விஷயம் முழுக்க அங்க எழுதி இருக்கும். பள்ளம் ஆழமா இருந்தா ரைஃபிள் மேல தப்பில்ல, அந்த எடத்துல மருந்து இல்ல, தோட்டா கோளாறு. பள்ளம் லேசா கீறின மாதிரி இருந்தா போல்ட் முழுசா மூடல, இல்ல பின் ஸ்பிரிங் சோர்ந்து போச்சு, இல்ல பழைய க்ரீஸ் கெட்டியாகி பின்ன தடுக்குது. பள்ளமே இல்லனா பின் உடைஞ்சி இருக்கு.

இந்த மாதிரி பத்தாம போற தொல்லை புதுசு இல்ல. 1806 ஜூலை 10 வேலூர் கலகத்தப்ப நம்ம கோட்டையில சிப்பாய்ங்க தூக்கின துப்பாக்கி சக்கிமுக்கி கல்லு உரசி பத்தற வகை, அதுல வெளிய கிண்ணத்துல இருக்கற மருந்து பொக்குனு எரியும், பக்கவாட்டு ஓட்டை அடைச்சி இருந்தா உள்ள இருக்கறது பத்தாது, எதிர்ல நிக்கறவனுக்கு புகை மட்டும்தான். தோட்டாவுக்குள்ளயே எல்லாத்தையும் அடைச்சி வச்சதுக்கு அப்புறம்தான் அந்த தலைவலி கொறஞ்சது.

சத்தம் சோப்ளாங்கியா வந்துச்சு, உதையே இல்ல

கிளிக்க விட இதுதான் ஆபத்து, ஏன்னா சுட்டாச்சுனு நெனச்சி அடுத்தத லோடு பண்ணிடுவாங்க. விளிம்பு மருந்து மட்டும் வெடிச்சி தூள் எரியாம போனா குண்டு பேரல் நடுவுல நின்னுடும். பின்னாடி இன்னொரு ரவுண்டு வந்து முட்டினா பேரல் உப்பும், வெடிக்கவும் செய்யும். நிறுத்துங்க, சொல்லுங்க, லோடு எடுத்துட்டு போல்ட்ட கழட்டி பின்பக்கத்துலேர்ந்து பேரல் வழியா வெளிச்சம் தெரியுதானு பாருங்க. வட்டமா வெளிச்சம் தெரியலனா அந்த ரைஃபிள் ஆர்மரர்கிட்ட (துப்பாக்கி பழுது பாக்கறவரு) போகணும், நீங்க கம்பி போட்டு குத்தற வேலை இல்ல.

காலி கேஸ் (சுட்ட தோட்டாவோட கூடு) வெளிய வரல

போல்ட்ல ஒரு சின்ன நகம் இருக்கு, எக்ஸ்ட்ராக்டர், அது விளிம்ப கவ்வி வெளிய இழுக்கும். நகத்துக்கு அடியில கரி, மெழுகு, மணலு அடைச்சா கவ்வாது. இந்த தோட்டா குண்டு மேல மெழுகு தடவி இருக்கும், படுத்து சுடும்போது பாய்க்கு வெளிய மண்ணுல உருண்டு வுழுந்தா மணல் ஒட்டிக்கும், அப்படியே எடுத்து போட்டா சேம்பர் (தோட்டா உக்கார்ற எடம்) கெடும், துணியில தொடைச்சிட்டு போடுங்க. பளபளனு இருக்கட்டும்னு தோட்டாவுக்கு எண்ணெய் தடவறவங்களும் இருக்காங்க, எண்ணெய் உள்ள போய் மருந்து கெடும், மேல சொன்ன கிளிக் கேஸ் அங்கேர்ந்துதான் வருது. சுட்டு முடிச்சதும் புல் த்ரூவுல, அதான் பேரல் தொடைக்கற கயித்துல, துண்டு துணி மாட்டி பின்பக்கத்துலேர்ந்து வாய் பக்கமா இழுங்க, ஒரு இழுப்புல நடுவுல நிறுத்தாம வரணும், துணி வெள்ளையா வர்ற வரைக்கும். சேம்பர்ல மட்டும் எண்ணெய் தேங்கி நிக்க வேணாம், அடுத்த பரேடுக்கு முன்னாடி ஒரு காஞ்ச துணி இழுத்துட்டு லோடு பண்ணுங்க.